பாரிஸுக்குப் போகாத பெண்: லாரன் கான்ராட் டிசைனரா, இல்லையா?

2 மார்ச் (ஒரு வாசகியின் கேள்வி)

கல்லூரியில் ஃபேஷன் படிக்கிறேன். ரியாலிட்டி ஷோவில் வந்து பிறகு டிசைனர் ஆன ஒருவரைப் பற்றி செமினார் எடுக்க வேண்டும். லாரன் கான்ராட்டைத் தேர்ந்தெடுத்தேன். வகுப்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள். "பேர் மட்டும்தான் அவருடையது, டிசைன் யாரோ பண்ணினது" என்கிறார்கள். துணித் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அவரை டிசைனர் என்று சொல்லலாமா?

2 மார்ச், இரவு 11.40

சொல்ல முடியாது. வேறு ஆளைப் பிடியுங்கள்.

3 மார்ச், காலை

நேற்று ஷிப்மென்ட் எரிச்சலில் ஒரே வரியில் முடித்துவிட்டேன், மன்னிக்கவும். காரணம் சொல்கிறேன்.

திருப்பூரில் 19 வருடமாக மெர்ச்சண்டைசர், அதாவது வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் (பையர்) ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை ஓட்டுபவன். பிரபலங்கள் பெயர் போட்ட லேபிள்களுக்கு நிறைய ஓட்டியிருக்கிறேன். பையர் அலுவலகத்திலிருந்து டெக் பேக், அதாவது அளவுக் குறிப்பு, வரும். கழுத்து அகலம், தோள் சரிவு, ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் வளைவு), பாட்டம் ஹெம் (அடி மடிப்பு) எல்லாம் அளவோடு இருக்கும். அதை வரைந்தது அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பையனோ பெண்ணோ. அதை ஒரு மனுஷி போடுகிற மாதிரி மாற்றுவது இங்கே எங்கள் பேட்டர்ன் மாஸ்டர். முதல் ஃபிட் சாம்பிள் போகும், கமெண்ட் வரும், இரண்டாவது போகும், மறுபடி கமெண்ட் வரும். இந்தப் போக்குவரத்தில் லேபிளில் பெயர் இருப்பவர் எங்கே இருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவருடைய கையெழுத்து மாதிரி போட்ட கழுத்து லேபிள் ஒரு ரோலுக்கு எத்தனை வரும் என்பது மட்டும்.

3 மார்ச், மாலை

சரி, அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எப்படித் தெரியும் என்று சிரிக்க வேண்டாம். 2008 வாக்கில் ஒரு பையர் அனுப்பிய மெயிலில் 'இந்த மாதிரி' என்று ஒட்டியிருந்த படங்களில் பாதி இவர் படம்தான். யார் இது என்று தேடப்போய் மாட்டிக்கொண்டேன்.

1986இல் கலிஃபோர்னியாவில் கடலோர ஊரான லகூனா பீச்சில் பிறந்தவர். அப்பா கட்டடக்கலைஞர். வசதியான வீடு. 2004இல் எம்டிவி அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து 'லகூனா பீச்' என்ற ஷோவைத் தொடங்கியபோது இவர் மையப் பாத்திரங்களில் ஒருவர், கதை சொல்லும் குரலும் இவருடையதுதான். ஒரு பையன், இரண்டு பெண்கள், அந்த வயதுச் சண்டை. 2006 மே மாதம் இவருக்காகவே 'தி ஹில்ஸ்' வந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, ஃபேஷன் கல்லூரியில் சேர்ந்து, டீன் வோக் பத்திரிகையில் இன்டர்ன் ஆனார். கூடவே விட்னி போர்ட் என்ற இன்னொரு இன்டர்ன். வீட்டில் ஹைடி மான்டாக் என்ற தோழி. அந்த நட்பு உடைந்ததுதான் அமெரிக்கா முழுக்கப் பேசிய சண்டை. அதற்குள் நான் போக மாட்டேன்.

முதல் சீசன் முடிவில் பத்திரிகை வேலையாகப் பாரிஸுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. இவர் காதலனோடு கடற்கரை வீட்டில் கோடைக்காலத்தைக் கழிப்பதாகச் சொல்லி விட்டுவிட்டார். விட்னி போனார். அந்தக் காதலும் நிலைக்கவில்லை. பாரிஸுக்குப் போகாத பெண் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பாரிஸ் பார்க்காத ஆளை டிசைனர் என்பீர்களா?

5 மார்ச்

தப்பு. ஒரு தம்பி தனிச் செய்தியில் திருத்தினார். லாரன் பிறகு பாரிஸுக்குப் போனார். அங்கே நடக்கும் பெரிய வீட்டுப் பெண்களின் அறிமுக நடன விழாவுக்காக, டீன் வோக் வேலையாக, அதே விட்னியோடு. அந்த எபிசோடு 2008 மார்ச்சில் ஒளிபரப்பானது. நான் பாதியில் பார்ப்பதை நிறுத்திய ஆள், கடைசி வரை பார்த்தவன் மாதிரி எழுதிவிட்டேன்.

அப்புறம், நானும் பாரிஸ் பார்த்ததில்லை. 19 வருடமாக அங்கே பனியன் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

6 மார்ச்

கேள்வி கேட்ட பெண் திரும்பி வந்து, "அண்ணா, பிரபலம் சொன்ன கமெண்ட் ஒன்றுகூட உங்களிடம் வந்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். கண்ணு, நல்ல இடத்தில் குத்தினாய். ஒன்று வந்தது. மறைக்க நினைத்தேன், முடியவில்லை.

பல வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் இருந்தேன். ஒரு வெளிநாட்டு நடிகையின் பெயர் போட்ட லேபிள், 42,000 பீஸ் டாப். ஃபிட் சாம்பிள் அப்ரூவல் ஆகிவிட்டது. காஸ்டிங் முடித்தாயிற்று, நூல் வாங்கி நிட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி ஒரு மெயில். அந்த அம்மா சாம்பிளைத் தானே போட்டுப் பார்த்தாராம். அலமாரியில் மேல்தட்டை எட்ட கையைத் தூக்கினாராம். வயிறு தெரிந்ததாம். உடம்பு நீளத்தில் ஒன்றரை இன்ச் கூட்டுங்கள்.

ஒன்றரை இன்ச் என்றால் துணி நூறு கிலோவுக்கு ஆறு கிலோ கூட. விலை பேசி முடித்த பிறகு யார் கொடுப்பார்கள்? முதலாளி சத்தம் போட்டார். நான் மெயிலை அச்செடுத்து சாம்பிள் ரூம் சுவரில் ஒட்டி, எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். மகாராணி கையைத் தூக்கிவிட்டாள் என்று ஒரு வாரம் கேலி. முணுமுணுத்துக்கொண்டே பேட்டர்னை மாற்றி அனுப்பினோம்.

அந்த ஸ்டைல் மூன்று முறை ரிப்பீட் ஆர்டர் வந்தது. அந்த சீசனில் வேறு எந்த ஸ்டைலுக்கும் ரிப்பீட் வரவில்லை. படித்த டிசைனர் அளவு எழுதினார், அளவெடுத்து நாங்கள் தைத்தோம், டேபிளில் விரித்து டேப் வைத்துச் செக்கிங் பார்த்தோம். போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தது அந்த ஒரு ஆள்.

அந்த அம்மா டிசைனரா? பென்சில் பிடித்திருக்க மாட்டார். தெரியவில்லை, யோசிக்கிறேன்.

9 மார்ச்

மூன்று நாள் யோசித்ததில் லாரன் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இடம். எல்லோரும் பாரிஸையும் ஹைடியையும் பேசுகிறார்கள். 2009ஐப் பாருங்கள்.

அவருடைய முதல் லேபிள் 'லாரன் கான்ராட் கலெக்ஷன்'. 2008 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபேஷன் வாரத்தில் மேடை ஏற்றினார். பொட்டிக் கடைகளில் விற்பனை. டிவியில் புகழ் உச்சம், 22 வயது. நாம் என்றால் என்ன செய்வோம்? ஓடுகிற குதிரையில் இன்னும் பத்து மூட்டை ஏற்றுவோம். இவர் ஒரு வருடத்தில், 2009 மார்ச்சில், லேபிளை நிறுத்திவைத்தார். ஷோ ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை, ஒவ்வொரு எபிசோடும் இலவச விளம்பரம் அல்லவா? அந்த மே மாதக் கடைசியில் ஷோவையும் விட்டு வெளியே வந்தார். ரியாலிட்டி ஷோவில் மாட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றி அவர் எழுதிய நாவல் ஜூன் மாதம் வந்து நன்றாக விற்றது. இலையுதிர்காலத்தில் கோல்ஸ் கடைகளில் 'எல்சி லாரன் கான்ராட்' தொடங்கிற்று. விஸ்கான்சின் மாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கும், நடுத்தரக் குடும்பங்கள் கூப்பன் வெட்டிக்கொண்டு போய் வாங்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் அது.

பொட்டிக்கிலிருந்து கோல்ஸுக்குப் போவது எங்கள் பாஷையில் 500 பீஸிலிருந்து 50,000 பீஸுக்குப் போவது. 500 பீஸில் தப்பு செய்தால் செகண்ட்ஸ் கடையில் தள்ளிவிடலாம். 50,000இல் தப்பு செய்தால் முதலாளி வீட்டை விற்க வேண்டும். பெரிய அளவு ஓட்டத் தெரிந்த ஆட்கள் கோல்ஸில் இருந்தார்கள், இவரிடம் இல்லை. அது புரிந்து கைமாற்றினார் என்றுதான் நான் படிக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் அந்த லேபிள் ஓடியது. தோழி ஹைடியும் 2008இல் ஒரு கடைத்தொடருக்காக லேபிள் ஆரம்பித்தார். ஒரு வருடம் போல ஓடி நின்றது. ஷோ ஒன்று, கேமரா ஒன்று, புகழும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்று. அதே கோல்ஸில் 2007இல், கல்யாண உடைகளுக்குப் பேர் போன வேரா வாங் பெயரிலும் ஒரு லைன் வந்தது. வேரா வாங் டிசைனரா என்று கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. அந்த லைனுக்கும் டெக் பேக், அதற்கும் ஃபிட் சாம்பிள், அதற்கும் எங்கோ ஒரு சாம்பிள் ரூம். 3ஆம் தேதி நான் சொன்ன காரணத்தை வைத்தால் அவரையும் அந்தக் கடை வாசலில் நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே அந்தக் காரணத்தை வாபஸ் வாங்குகிறேன். முடிவை இன்னும் வாங்கவில்லை.

9 மார்ச், அரை மணி நேரம் கழித்து

'எல்சி' அவருடைய பெயரின் முதலெழுத்துகள். எங்களுக்கு எல்சி என்றால் லெட்டர் ஆஃப் கிரெடிட், ஏற்றுமதிப் பணத்துக்கு பேங்க் தரும் உத்தரவாதக் கடிதம். அந்த லேபிளைப் படத்தில் முதல்முறை பார்த்தபோது பேங்க் வேலை என்று நினைத்தேன்.

12 மார்ச்

கிறிஸ்டியன் சிரியானோவை இழுத்திருக்கிறார் ஒருவர். "டிவியில் வந்த டிசைனர் என்றால் இவர், மற்றதெல்லாம் பொம்மை" என்று.

சரிதான், அவர் கை வேலைக்காரர். 'ப்ராஜெக்ட் ரன்வே' என்ற டிவி டிசைனர் போட்டியின் நான்காவது சீசனை 22 வயதில் ஜெயித்தார். அதுவும் 2008 மார்ச்! லாரன் மேடை ஏற்றிய அதே மாதம், அதே வயது. சிரியானோ லண்டனில் படித்து, விவியன் வெஸ்ட்வுட், அலெக்சாண்டர் மக்வீன் என்ற பேர் போன டிசைனர்கள் இருவரிடமும் இன்டர்னாக இருந்துவிட்டு டிவிக்கு வந்தவர். துணியை வெட்டத் தெரிந்த பிறகு கேமரா. லாரனுக்குக் கேமரா முதலில், துணி பிறகு.

ஆனால் சிரியானோவை நான் மதிப்பது அந்தப் போட்டிக்காக இல்லை. 2016இல் நடிகை லெஸ்லி ஜோன்ஸ் தன் படத்தின் திறப்பு விழாவுக்கு உடை தர எந்த டிசைனரும் முன்வரவில்லை என்று ட்விட்டரில் எழுதினார். இவர் கை தூக்கினார். சிவப்பு கவுன். அந்த வருடமே ரன்வேயில் பெரிய உடம்புக்காரப் பெண்களையும் நடக்கவைத்தார். 2019 ஆஸ்கருக்கு நடிகர் பில்லி போர்ட்டர் போட்ட கறுப்பு வெல்வெட் டக்சிடோ கவுனும் இவருடையதே. மேலே கோட்டு, கீழே பாவாடை.

பெரிய சைஸ் தைப்பது என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. மீடியம் சைஸ் பேட்டர்னை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரித்துவிட்டால் கிடைப்பது கூடாரம். தோள் அவ்வளவு வளராது, மார்பும் வயிறும் வேறு வேறு கணக்கில் வளரும். ஆர்ம்ஹோலைத் தனியாகப் போட வேண்டும். பல கம்பெனிகளில் தனி பேட்டர்ன் போட நேரம் இல்லை என்று கிரேடிங்கில், அதாவது இருக்கிற பேட்டர்னையே அளவு கூட்டி, ஒப்பேற்றிவிடுவோம், நானும் ஒப்பேற்றியிருக்கிறேன். வீட்டில் என் அக்கா கம்பெனி டாப் எதுவும் கை ஏறவில்லை என்று சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

13 மார்ச்

பெயர் மட்டும்தானே என்று எழுதிய எல்லோருக்கும்: பெயரின் விலை தெரியுமா? ஜெசிகா சிம்ப்சன். பாடகி, கணவரோடு வீட்டு வாழ்க்கையை எம்டிவி ரியாலிட்டி ஷோவாகக் காட்டி ஊரெல்லாம் தெரிந்தவர். 2005 வாக்கில், நைன் வெஸ்ட் என்ற செருப்புக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வின்ஸ் கமூட்டோவோடு சேர்ந்து செருப்பில் ஆரம்பித்தார். ஆண்டுக்கு 100 கோடி டாலர் சில்லறை விற்பனை வரை ஏறியது. 2015இல் பெரும்பங்கை ஒரு பிராண்ட் கம்பெனிக்கு விற்றார். 2021இல் அந்தக் கம்பெனி திவால். சொந்தப் பெயரை அம்மாவும் மகளும் 6.5 கோடி டாலர் போலக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

சொந்தப் பெயரை அடகுக் கடையிலிருந்து மீட்ட கதை! எங்கள் ஊரில் மிஷினைத்தான் மீட்பார்கள்.

இதற்கும் லாரனுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பெரிய சம்பந்தம் இல்லை. ராத்திரி ஷிஃப்ட், தூக்கம் வரவில்லை.

17 மார்ச்

பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் லாரன் கைவினை வீடியோ ஒன்றில், சிறுவர் கதைப் புத்தகங்களின் முதுகுகளை வெட்டி ஒட்டி ஒரு அலங்காரப் பெட்டி செய்தார். படிக்கிறவர்கள் கொதித்துவிட்டார்கள், வீடியோவை எடுத்துவிட வேண்டியதாயிற்று. புத்தகத்தை மிதித்தாலே தொட்டுக் கும்பிடும் வீட்டில் வளர்ந்தவன் நான், எனக்கும் கொதித்தது. ஆனால் கத்தரி வைத்தது அவர் கைதான். யாரோ செய்ததில் பெயர் போட்டுக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அங்கே மட்டும் செல்லாது.

அடுத்த வருடமே, 2013இல், ஹன்னா ஸ்கவார்லா என்ற தோழியோடு 'தி லிட்டில் மார்க்கெட்' தொடங்கினார். பல நாட்டுக் கைவினைப் பெண்கள் செய்த கூடை, மெழுகுவர்த்தி, துணி வகைகளை நியாய விலை கொடுத்து வாங்கி விற்கும், லாப நோக்கமில்லாத அமைப்பு. செய்த கை யாருடையது என்பதை முன்னால் வைத்து விற்பதுதான் அதன் வழி. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் பழைய கம்பெனி ஒன்றில் ஹூடி பாக்கெட்டுக்கு ஒரு மாற்றம் நான் சொன்னேன். கையை விட்டால் ஓரம் பிய்கிறது என்று வளைவை மாற்றி, இரு முனையிலும் பார்டேக் (பிய்யாமல் இறுக்கும் நெருக்கத் தையல்) வைத்தேன். மாஸ்டர் வரைந்தார். பையர் கேட்டலாகில் அது 'எங்கள் டிசைனரின் புதிய யோசனை' என்று வந்தது. பத்து பைசா இன்சென்டிவ் இல்லை, போகட்டும். ஒரு மெயிலில்கூட யாரும் சொல்லவில்லை. 2ஆம் தேதி ராத்திரி நான் எழுதிய அந்த ஒரு வரிப் பதில் அந்த பாக்கெட்டிலிருந்து வந்தது என்று இப்போது தோன்றுகிறது. லாரனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, பாவம்.

18 மார்ச்

'தி ஹில்ஸ்' கடைசிக் காட்சியை நேற்றுதான் பார்த்தேன். 2010 ஜூலை. பின்னால் ஹாலிவுட் மலைப் பலகை தெரிய ஒருவர் தெருவில் நிற்கிறார், விடைபெறும் காட்சி. திடீரென்று அந்த மலையே நகர்கிறது. திரைச்சீலை! ஸ்டுடியோ வளாகம்! இத்தனை வருடம் பார்த்தது நிஜமா என்று பார்த்தவர்கள் தலையில் கைவைத்தார்கள்.

நான் சிரித்தேன். ஷோரூம் பொம்மைக்கு மாட்டும் டாப் முன்னால் சிக்கென்று நிற்கும். பின்னால் போய்ப் பாருங்கள், முதுகு முழுக்க குண்டூசி. ஃபோட்டோ ஷூட்டில் மாடலுக்கும் முதுகில் கிளிப் போட்டு இழுப்பார்கள். துணிக்காரனுக்கு அந்த முடிவில் அதிர்ச்சியே இல்லை.

லாரன் அதில் இல்லை, முந்தைய வருடமே போய்விட்டார். 2013இல் எம்டிவி வேறொரு முடிவைக் காட்டியது, அதில் வருகிறார். இடையில் இன்னொன்றும் நடந்தது. அவருடைய துணி வேலையை வைத்து ஒரு ஷோ படமாக்கி, 2011இல் எம்டிவி வேண்டாம் என்று விட்டுவிட்டது. காதலும் சண்டையும் ஓடும், காலையில் மீட்டிங், மதியம் பட்டன் கலர் என்றால் யார் பார்ப்பது? என் வேலையை யாராவது படமெடுத்தால் லேப் டிப் (சாயம் போட்ட சாம்பிள் துண்டு) பார்க்கும் காட்சியிலேயே டிவியை அணைத்துவிடுவார்கள். அவர் நிஜமாகவே வேலை பார்த்தார் என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முடிவையும் வாபஸ் வாங்குகிறேன். டிசைனர்தான். தைக்கிற டிசைனர் இல்லை. இது வேண்டாம், இதை நிறுத்து, இதை அந்தக் கடையில் வை என்று சொல்கிற டிசைனர். அந்தச் சொல்லுக்குப் பிறகு துணி மாறுகிறதென்றால் அந்த வேலைக்கு வேறு பெயர் என்னிடம் இல்லை.

20 மார்ச்

2015 செப்டம்பரில் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் எல்சி லேபிளின் ரன்வே நடந்தது. அந்த வீடியோவை எங்கள் பேட்டர்ன் மாஸ்டருக்குக் காட்டினேன். 61 வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மொபைலை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தார். தோள் மடிப்பைப் பெரிதாக்கினார், கழுத்தைப் பெரிதாக்கினார், ஒன்றும் சொல்லவில்லை.

"எப்படிங்கண்ணா?" என்றேன்.

"நடக்கறதுக்கு எந்தத் துணியும் நல்லாத்தான் இருக்கும் தம்பி. கையத் தூக்கச் சொல்லு, பாக்கறேன்."

அந்தப் பழைய கம்பெனியிலும் எங்களோடு இருந்தவர், சுவரில் ஒட்டிய அந்த மெயிலை அவர் மறக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் அவர் இல்லை என்பதும் இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

27 மார்ச்

செமினார் முடிந்ததாம். அம்மிணி செய்தி அனுப்பியிருக்கிறார். இத்தனை நாள் நாம் அடித்துக்கொண்டதில் ஒன்றையும் மேடம் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "கடைசியில் அந்தப் பெண் பாரிஸுக்குப் போனாளா, இல்லையா?"